ஒட்டிவைத்த கால்

கிழிந்த இரும்பின் படம் முதலில் எங்கள் மேனேஜரின் மொபைலுக்குத்தான் வந்தது. அதை என்னிடம் காட்ட வந்தவர் நேராக என் மேசைக்கு வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் இடம்வரை போனார், பாட்டிலை நிரப்பாமலே திரும்பினார், கடைசியில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "கொஞ்சம் ரூமுக்கு வாங்கம்மா" என்றார். தயங்கிப் பேசுகிற மனிதர் அல்ல அவர். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று போன் வந்திருக்கும், எப்படிச் சொல்வதென்று பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

படத்தில் இருந்தது ஒரு பேருந்து இருக்கையின் கால். இரண்டு பேர் உட்காரும் இருக்கை அது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை எங்களுடைய கணக்கை நம்பி அதைச் செய்து, சோதனைக்கு ஏற்றியிருந்தது. சீட் பெல்ட்டில் கொக்கி மாட்டி முன்பக்கமாக மெல்ல மெல்ல இழுப்பார்கள். வண்டி எதிலாவது மோதும்போது உட்கார்ந்திருப்பவரின் உடம்பு பெல்ட்டை எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுப்பு. இருக்கை தாங்க வேண்டும். இது தாங்கவில்லை. பின்னங்காலின் பாதம் தரைச் சட்டத்தைவிட்டு எழும்பி, போல்ட் போட்ட துளையிலிருந்து தாளைக் கிழித்த மாதிரி கிழிந்திருந்தது.

"நம்ம ரிப்போர்ட்ல தாங்கும்னு போட்டிருக்கோம். மாடலைத் திறந்து என்னன்னு பாருங்க" என்றார் மேனேஜர். அந்த மாடலைச் செய்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. செய்தவர் என் கணவர்.

நாங்கள் இருவரும் அந்த அலுவலகத்தில்தான் சந்தித்தோம். பெருங்களத்தூரைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டின் சர்வீஸ் பாதையில், மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே இருக்கிற இரண்டு மாடிகள்தான் எங்கள் கம்பெனி. எனக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடங்கள் சேலையூரிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் போய்வந்தோம். போன வருடம்தான் அவருக்கு சோழிங்கநல்லூர் பக்கம் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது. இப்போது அவர் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக அந்தத் திசையில் போகிறார், நான் இந்தத் திசையில் வருகிறேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டரில் மாடலாக உருவாக்கி, பொடிப் பொடியான துண்டுகளாகப் பிரித்து, இழுத்தும் அழுத்தியும் பார்ப்போம். தனித்தனியாக ஒரு பாகத்தைப் பார்ப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பல பாகங்கள் சேர்ந்து நிற்கும்போது, ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் வினை. இரும்புக்குள் இரும்பு நுழையாது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் ஒரு தகடு இன்னொரு தகட்டுக்குள் புகைக்குள் போவது போலப் போய்விடும். எந்த இடத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் லேசாகத் தள்ளினாலே முழு இருக்கையும் அந்தரத்தில் எங்கோ மிதந்து போகும்.

தொடுவதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. இரண்டு பரப்புகளையும் பசை போட்டு ஒட்டியதாகச் சொல்லிவிடலாம். அல்லது, இவை தொடும், வழுக்கும், இழுத்தால் பிரியும் என்று உள்ளது உள்ளபடி சொல்லலாம். ஒட்டிவிட்டால் கணக்கு ஒரே மூச்சில் முடிந்துவிடும். உள்ளபடி சொன்னால், எந்த இடம் தொடுகிறது எந்த இடம் பிரிந்தது என்று ஒவ்வொரு அடிக்கும் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பத் தேட வேண்டும். பாதியில் திணறி, முடியாது என்று நின்றுவிடும். அதனால் அலுத்துப்போனவர்கள் ஒட்டிவிடுவார்கள். ஒட்டியது எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. திரையில் எல்லாம் திடமாகத் தெரியும்.

இதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவரே என் கணவர்தான். கான்டாக்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தொடுமிடங்களில் சிக்கல் என்றால் அவரிடம்தான் போவார்கள். யாராவது புதிதாக வந்த பையன் எல்லாவற்றையும் ஒட்டிவைத்துவிட்டு வந்தால், "ஒட்டுனது கம்ப்யூட்டரா, நீயா?" என்று மொத்த மாடிக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். எனக்கே ஒருமுறை அப்படி விழுந்தது. கல்யாணத்துக்கு முன்பு.

அதனால் அந்த மாடலைத் திறந்தபோது வேறு எதையோதான் எதிர்பார்த்தேன். உலோகத்தின் வலிமையைத் தவறாகக் கொடுத்திருப்பார், தகட்டின் கனம் மாறியிருக்கும், அப்படி ஏதாவது. கான்டாக்ட் பக்கம் போய்ப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பாதத்துக்கும் தரைச் சட்டத்துக்கும் பசை. போல்ட்டின் தலைக்கும் பாதத்துக்கும் பசை. காலுக்கும் மேல் சட்டத்துக்கும் பசை. அடியில் தரைச் சட்டத்தின் முழுப் பரப்பையும் அசையாமல் இறுக்கிவைத்திருந்தார். மொத்த இருக்கையும் ஒரே அச்சில் வார்த்து எடுத்தது போல இருந்தது. பாதம் எழும்ப வழியே இல்லை. எழும்பாத பாதம் எப்படிக் கிழியும்?

வேறு யாரோ மாற்றியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் நம்பப் பார்த்தேன். கடைசியாகச் சேமித்திருந்தது அவர்தான். பக்கத்து மேசைப் பெண் திரும்பினால் தெரியாதபடி திரையில் அந்த ஜன்னலைச் சின்னதாக்கினேன். அவருடைய சட்டைப் பையில் பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஏன் டல்லாக இருக்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றேன். அவரே தோசை வார்த்தார். மகள் பள்ளியில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நியாயம் சொன்னார், பயந்துகொண்டு பொய் சொல்லக்கூடாது என்று. நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் அந்தப் பசையையெல்லாம் எடுத்தேன். எடுத்ததும், எதிர்பார்த்தபடியே, கணக்கு திணறி நின்றது. போல்ட்டை இறுக்காமலே இழுத்துக்கொண்டிருந்ததால் கால் தனியாக மிதந்தது. முதலில் போல்ட்டை இறுக்கு, பிறகு பெல்ட்டை இழு என்று இரண்டு கட்டமாகப் பிரித்தேன். பாதத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரைபடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தது, அதை மூடினேன். துளையைச் சுற்றித் துண்டுகளைப் பொடியாக்கினேன். அப்படியும் பலமுறை நின்றது. ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், முடிந்திருந்தது. பாதத்தின் பின்விளிம்பு தரையைவிட்டு எழும்பி, துளையின் ஓரம், தாங்காத இடத்தைக் காட்டும் சிவப்பில் கிடந்தது. படத்தில் எங்கே கிழிந்ததோ சரியாக அங்கேயே.

எங்கள் குழுவில் இளையவளான பெண் எட்டிப் பார்த்து, "சூப்பர்க்கா, அப்படியே போட்டோ மாதிரி வந்திருக்கு" என்றாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். வேறு யாருடைய மாடலாக இருந்தாலும் நானும் பெருமையாக நின்றிருப்பேன். கூட்டம் எப்போது கலையும் என்றிருந்தது. பழைய கணக்கின் படத்தையும் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். காபி ஆறிப்போகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த வாரமே தொழிற்சாலையிலிருந்து அவர்களுடைய தலைமை இன்ஜினியர் வந்தார். நரைத்த மீசை, மெதுவான குரல். எங்கள் கம்பெனிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. என்னையும் தெரியாது, முன்பு இருந்தவர்களையும் தெரியாது. பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இதை இப்படி ஒட்டி வச்சது யாரு?" என்றார்.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "முன்னாடி இருந்த ஒரு இன்ஜினியர் சார். இப்போ இங்க இல்ல."

"எங்க போயிருப்பார்? பசை டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போயிருப்பார். அங்கயும் ஒட்டிக்கிட்டு இருப்பார்" என்றார் அவர். கூட வந்த இருவரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் மேசையைப் பார்த்தார்கள். சிரிக்காமல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ, நானும் சிரித்தேன். நன்றாகவே, சத்தம் வரும்படி சிரித்தேன். அந்த இளைய பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு லேப்டாப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடலெல்லாம் சுட்டது எனக்கு.

அன்று சாயங்காலம் தூறல். ஷேர் ஆட்டோவில் நசுங்கிக் கேம்ப் ரோட்டில் இறங்கி, சேறு மிதித்து வீட்டுக்கு வந்தேன். மகள் டான்ஸ் கிளாஸுக்குப் போயிருந்தாள். அவர் சீக்கிரமே வந்து, மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்துவந்து கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு டெஸ்ட்ல ஃபெயிலாமே" என்றார், நிமிராமல்.

"யாரு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. மாடலைத் திறந்தியா?"

"திறந்தேன்."

மகளின் பள்ளிச் சட்டையை எடுத்து உதறினார். "எல்லாம் ஒட்டியிருக்கும்" என்றார்.

அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். முதலில் உள்ளபடிதான் போட்டிருக்கிறார். கணக்கு ஓடவில்லை. மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். அப்போதும் ஓடவில்லை. அதே நேரத்தில் மற்றவர்கள் தங்கள் மாடல் நின்றுவிட்டது என்று அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடையதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். தன்னுடையது ஓடவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. இப்போதைக்கு ஒட்டி அனுப்புவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒட்டியிருக்கிறார். பிறகு அந்த மாடலைத் திறக்கவே மனம் வரவில்லையாம்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அப்போது நான் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"உன்கிட்டயா?" என்றார்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்னதும் அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தனை வருடமும் என்னை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துபோயிற்று. அது பொறுக்காமல்தான் நானும் சொன்னேன்.

"இன்னிக்கு மீட்டிங்ல உன்னை வச்சு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவர் துணி மடிப்பதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். எதிர் அடுக்ககத்தில் யாரோ பால்கனித் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன்.

அங்கிருந்து திரும்பாமலே அவர், "இன்னும் ரெண்டு மாடல் இருக்கு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அதே பேருந்தின் டிரைவர் சீட்டும், கடைசி வரிசையின் நீள சீட்டும். முதலாவதில் ஒட்டியது யார் கண்ணிலும் படாமல் தப்பித்ததும், இந்த இரண்டையும் அதே மாதிரி முடித்திருக்கிறார். இரண்டும் இன்னும் சோதனைக்குப் போகவில்லை. டிரைவர் சீட்டின் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சை வெட்டவே ஆர்டர் போயிருக்கும்.

நான் ஒரு வழி சொன்னேன். நானே மற்ற மாடல்களையும் சரிபார்க்கிற மாதிரி பார்த்து, கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடுகிறேன், உன் பேச்சே வராது என்றேன். அவர் மீதித் துணியை மடிக்கப் போனார். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, தானே வந்து சொல்லிவிடுவதாகச் சொன்னார். அச்சு வெட்ட ஆரம்பித்துவிட்டால் நிறுத்தச் சொல்லக் காரணம் வேண்டும், எந்தெந்த இடத்தில் என்னென்ன செய்தேன் என்பது எனக்குத்தான் தெரியும் என்றார்.

வேண்டாம் என்று கெஞ்சினேன். உன் புது வேலைக்கு ஆபத்து, ஊரெல்லாம் பேசுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நினைத்துப் பார்த்தால், அவருக்காகக் கெஞ்சவில்லை. அந்த அறையில் அவர் பக்கத்தில் நான் உட்கார வேண்டுமே என்றுதான் கெஞ்சினேன்.

மேனேஜரிடம் அவரே பேசி நாள் குறித்தார். அன்று லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். பழையபடி ஒரே ஸ்கூட்டரில் கிளம்பினோம். தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கினோம். அலுவலகத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெட்ரோல் பங்க் அருகில், "இங்கயே இறக்கி விட்டுடு, மருந்துக் கடைக்குப் போகணும்" என்றேன். மருந்துக் கடையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவருக்கும் தெரியும். வண்டியை ஓரம் கட்டினார். நான் இறங்கியதும், ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றாமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார். சர்வீஸ் பாதையின் தூசியில் நடந்து, அவர் உள்ளே போயிருப்பார் என்று தெரிந்த பிறகு நான் தனியாக உள்ளே போனேன்.

அறையில் அதே நரைத்த மீசைக்காரரும் மேனேஜரும் இருந்தார்கள். மேனேஜர் என் கணவரை, "முன்னாடி நம்மகிட்ட இருந்தவர், அந்த மாடல்களைச் செஞ்சவர்" என்று அறிமுகப்படுத்தினார். என் கணவர் சுற்றி வளைக்கவில்லை. எந்த மாடலில் எந்தெந்தப் பாகங்களை ஒட்டினேன், ஏன் ஒட்டினேன், அதனால் எந்த எண்ணையெல்லாம் நம்பக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். "ஏன்" என்ற இடத்தில், "எனக்கு ஓடலைன்னு சொல்ல வெட்கமா இருந்தது சார்" என்றார். எந்த மேசையைத் தட்டி அவர் மற்றவர்களைக் கேள்வி கேட்பாரோ, அதே மேசையில் இரண்டு கைகளையும் கவிழ்த்து வைத்திருந்தார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்ஜினியர் கோபப்படவில்லை. குறுக்குக் கேள்விகள் கேட்டார். டிரைவர் சீட்டின் அச்சு வேலையை நிறுத்தச் சொல்லி அங்கிருந்தே போன் செய்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை மேடம், நீங்க பார்த்தீங்க. இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

மேனேஜர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். இதற்கும் ஒரு பதில் என்னிடம் தயாராக இருந்தது. கூட வேலை செய்தவர் என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. என் கணவர் எனக்கு உதவுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததுதான் தாங்கவில்லை.

"என் வீட்டுக்காரர் சார்" என்றேன்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என் கணவர், என்ன சார் பேசினீங்க என்று சாதாரணமாகக் கேட்டார். நான் சிரித்தேன் என்று சொன்னேனே தவிர எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. அந்த மனிதர் மறைக்காமல், பசை டப்பா என்று சொன்னதைத் தன் வாயாலேயே திரும்பச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் இன்னும் தாழ்ந்துபோயிருந்தது. மன்னிச்சிடுங்கம்மா என்று என்னிடம் சொன்னார். என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? நான்தானே எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன்.

"சரியாத்தான் சார் சொல்லியிருக்கீங்க" என்றார் என் கணவர். அவர் மட்டும் லேசாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மற்றவை ஓரளவு நல்லபடியாகவே முடிந்தன. நீள சீட்டின் கால்களை உண்மையிலேயே பற்றவைக்கிறார்கள், அதனால் ஒட்டியதாகக் கணக்குப் போட்டதில் அங்கே பெரிய பிழை இல்லை. டிரைவர் சீட்டின் பாதத்தைக் கனமாக்கி, போல்ட்டுக்கு அடியில் அகலமான தகடு கொடுக்க வேண்டியிருந்தது. கிழிந்த இருக்கைக்கும் அதேதான் செய்தார்கள். சோதனையில் இரண்டும் தாங்கின. இனி யாருடைய மாடலின் கான்டாக்ட்டையும் இன்னொருவர் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பார்க்கும் வேலை எனக்கு வந்தது. பையன்கள் மாடலைக் கொண்டுவந்து காட்டும்போது, ஒட்டியிருந்தால், நான் கேட்பதற்கு முன்பே அவர்கள் முகம் சிவந்துவிடுகிறது. நான் குரலை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் யாருடைய நினைவு எல்லோருக்கும் வரும் என்று தெரியும்.

என் கணவர் தன் புது அலுவலகத்தில் மேலாளரிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். வேலை போகவில்லை. சில மாதங்கள் அவருடைய கணக்கை வேறொருவர் சரிபார்த்தார் என்று மட்டும் சொன்னார். இப்போதெல்லாம் அவருக்கு ஏதாவது மாடல் நின்றுவிட்டால், சமைக்கும்போது வந்து என்னிடம் கேட்கிறார். எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தவர் மாதிரி கேட்கப் பார்ப்பார், வராது. நானும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன்.

போன மாதம் எங்கள் குழுவின் அந்த இளைய பெண்ணுக்கு வண்டலூரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. இருவரையும் நேரில் வந்து அழைத்திருந்தாள். அன்று அவர், எனக்கு வேலை இருக்கிறது, நீ போய்ட்டு வா என்றார். வேலை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். வா என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மண்டபத்தில் பார்க்கிறவர்களெல்லாம் அவர் வரலையா என்று கேட்டார்கள். வேலை என்றேன். மேனேஜர் மட்டும், "கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார்.

பந்தியில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பழைய குழு முழுவதும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. நானும் பேசினேன், நன்றாகச் சாப்பிட்டேன். அவர் வரவில்லை என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.